ஆவி பிரியும் ஓசை

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை. வாசலில் பச்சைப் பலகை: 'சூரிய சக்தியில் இயங்கும் நிறுவனம்'. கூரையெங்கும் சோலார் தகடுகள். வெளிநாட்டு பையர் வரும் நாளில் அவற்றைக் கழுவுவார்களாம். மற்ற நாட்களில் புறாக்களின் பொறுப்பு.

தகடு தரும் மின்சாரம் ஆபீஸ் ஏசிக்கும் சில மோட்டார்களுக்கும் போகிறது. துணிக்குச் சாயம் ஏற்றுவதோ வெந்நீர். அதைத் தருவது பின்கட்டு பாய்லர். பாய்லர் தின்பது விறகு. பையரை அந்தப் பக்கம் கூட்டிப்போவதில்லை. பெண் பார்க்க வந்தவர்களுக்குக் கொல்லைப்புறத்தையா காட்டுவார்கள்?

நான் போய்ப் பார்த்தேன். ஒரு வால்வு புஸ்ஸென்று சீறிக்கொண்டிருந்தது. கோணிச்சாக்கைச் சுற்றிக் கம்பியால் கட்டியிருந்தார்கள். சாக்கு கறுத்து, சொட்டுச் சொட்டாக வடிந்தது.

"எத்தனை நாளா இப்படி?"

"அதுங்களா? நான் வேலைக்குச் சேர்ந்தப்பவே அழுதுட்டுத்தானுங்க இருந்துச்சு" என்றார் ஃபயர்மேன். அவர் சேர்ந்து எட்டு வருஷமாம்.

நீராவி வேலை முடித்துத் தண்ணீராகும்போதும் அதன் சூடு முழுக்க ஆறிவிடுவதில்லை. அதை பாய்லருக்கே திருப்பிவிட்டால், உள்ளே போகும் நீரின் சூடு ஏறும் ஒவ்வொரு 6 டிகிரிக்கும் எரிபொருளில் ஏறக்குறைய 1 சதவீதம் மிச்சம். ஒரு குழாயும் ஒரு பம்பும் போதும். இங்கே அது கழிவுநீரோடு கலக்கிறது. பிறகு அந்தக் கழிவுநீரைச் சுத்திகரித்து, கடைசியில் மிஞ்சும் உப்புநீரை வற்றவைக்க மறுபடியும் விறகு! நொய்யல் ஆற்றைச் சாகடித்ததற்காக 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் பட்டறைகளை இழுத்து மூடச் சொன்னதே, அதன் பிறகு கற்ற பாடம் இது. ஆற்றில் விட்டதை இப்போது புகைபோக்கியில் விடுகிறோம்.

இதில் கொடுமை, பருத்தித் துணிக்கான ரியாக்டிவ் சாயம் பெரும்பாலும் 60 டிகிரியில் ஏறிவிடும். வீட்டு மாடியில் இருக்கிற சோலார் வாட்டர் ஹீட்டரே கொடுக்கிற சூடு அது. ஆனால் வாட்டர் ஹீட்டர் போட்டோவில் எடுபடாது. தகடுதான் ட்ரோன் கேமராவுக்கு லட்சணம்.

அரசு சும்மா இருக்கிறதா என்ன? ஆற்றல் சேமிப்புச் சட்டம் 2001இலேயே வந்துவிட்டது. 2012இல், பெரிய ஆலைகளுக்கு இலக்கு வைத்து, மிச்சம் பிடித்ததற்குச் சான்றிதழ் கொடுத்து, அதைச் சந்தையில் விற்கவும் வழி செய்தார்கள். நெசவுத் துறையில் ஆண்டுக்கு 3000 டன் எண்ணெய்க்குச் சமமான ஆற்றலை விழுங்கினால்தான் அந்தப் பந்தியில் இலை. அதற்குக் கீழே உள்ளவன் எவ்வளவு ஒழுகவிட்டாலும் சட்டத்துக்குத் தெரியாது.

சின்னவனைக் கண்டுகொள்ளவே இல்லை என்று சொன்னால் பாவம். தமிழ்நாட்டில் 2021இல் கண்டுகொண்டார்கள். அவன் கூரையில் விழுந்து, அவன் தகட்டில் ஊறி, அவன் மிஷினிலேயே தீர்ந்துபோகும் மின்சாரத்துக்கும் 'நெட்வொர்க் கட்டணம்' போட்டார்கள். சூரியன் மின்கம்பம் ஏறித்தான் இறங்கிவருகிறது போலும்! சிறு தொழில்காரர்கள் கத்திக் கூப்பாடு போட்ட பிறகு 2023இல் அவர்களுக்குப் பாதியாகக் குறைத்தார்கள். மீதிப் பாதி சூரியனுக்கு யார் கமிஷன் ஏஜென்ட் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு கட்டணம் வரும்.

பையர் மட்டும் யோக்கியரா? கார்பன் கணக்கைத் தசம சுத்தமாகக் கேட்பார். அதே மெயிலில், டி-ஷர்ட்டுக்கு இன்னும் நாலு சென்ட் குறை என்பார். பூமியைக் காப்பாற்றும் செலவு அவர் விலைப்பட்டியலில் ஏறாது. ஃபயர்மேனின் கூலியில்தான் இறங்கும்.

மத்தியானம் ஆனது. ஃபயர்மேன் தன் தூக்குப்போசியைக் கொண்டுவந்து, உறையில்லாத நீராவிக் குழாய்மேல் பதமாகச் சாய்த்துவைத்தார். பத்தே நிமிஷத்தில் ரசம் சுட்டது. பக்கத்தில் நின்ற மேனேஜர் கையில் தணிக்கைப் படிவம். 'கழிவு வெப்பம் மீட்கப்படுகிறதா?' என்று ஒரு கேள்வி. மேனேஜர் போசியைப் பார்த்தார், பேனாவைத் திறந்தார், 'ஆம்' என்ற கட்டத்தில் டிக் போட்டார்.