பங்க் என்னும் திசைச்சொல்

தொல்காப்பியர் செய்யுளுக்கு உரிய சொற்களை நான்காக வகுத்தார்: இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல். திசைச்சொல்லுக்கு உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகள் சுவையானவை. குட்டநாட்டார் தாயைத் தள்ளை என்பர். குடநாட்டார் தந்தையை அச்சன் என்பர். அருவாநாட்டார் சிறுகுளத்தைக் கேணி என்பர். இவற்றில் ஒன்றையும் அவர்கள் பிழை என்று தள்ளவில்லை. இன்ன நாட்டார் வழக்கு என்று குறித்துவிட்டு மேலே போனார்கள். ஆங்கிலத்துக்கும் இந்த இலக்கணம் பொருந்தும் என்பது என் துணிபு. அதைச் சோதித்துப் பார்க்கக் கிருமாம்பாக்கத்தை விடத் தோதான ஊர் எனக்குத் தெரியவில்லை.

பாகூர் கொம்யூனில், புதுச்சேரி–கடலூர் நெடுஞ்சாலையில் இருக்கிறது இந்த ஊர். தெற்கே கொஞ்ச தூரத்தில் முள்ளோடை. அதைத் தாண்டினால் தமிழ்நாடு. பெட்ரோல் புதுச்சேரியில் விலை குறைவு என்பதால் எல்லை தாண்டுமுன் டேங்கை நிரப்பிக்கொள்வது இந்தச் சாலையின் பழக்கம். நிரப்பும் இடத்துக்கு நம்மிடம் ஒரே பெயர்தான், பங்க். ஆந்திரத்தாரும் கன்னடத்தாரும் நம் கட்சி. கேரளத்திலிருந்து வந்த வண்டியானால் ஓட்டுநர் ‘பம்ப்’ எங்கே என்று கேட்பார், டில்லிக்காரரும் அப்படியே. இலங்கையில் அது பெட்ரோல் ஷெட். லண்டனில் பெட்ரோல் ஸ்டேஷன், ஆஸ்திரேலியாவில் பேச்சுவழக்கில் சர்வோ, அமெரிக்காவில் கேஸ் ஸ்டேஷன். கேஸ் என்றால் கிருமாம்பாக்கத்தில் சமையலறைச் சிலிண்டர், இல்லையென்றால் வயிற்று உப்புசம்.

பிரான்சில் வளர்ந்த பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வரும் வீடுகள் புதுவைப் பகுதியில் நிறைய. அந்தப் பிள்ளைக்குப் பெட்ரோல் என்பது ‘எஸ்ஸான்ஸ்’. ‘பெத்ரோல்’ என்றால் அங்கே பூமியிலிருந்து எடுக்கும் கச்சா எண்ணெய். எசன்ஸ் வேண்டும் என்று இங்கே கடையில் கேட்டால், கேசரியில் இரண்டு சொட்டு விடுகிற வாசனைப் புட்டியை எடுத்துக் கொடுப்பார்கள்.

ஆங்கில அகராதியில் பங்க் என்பது அடுக்குப் படுக்கை. பீடி, வெற்றிலை, சோடா விற்கும் பெட்டிக்கடையை நம் பக்கத்தில் பங்க் கடை என்று சொல்வதுண்டு. பெட்ரோல் பங்க் அதற்குப் பங்காளி என்றே எனக்குப் படுகிறது. இதற்கு மூன்றாவது பொருளும் உண்டு. கிருமாம்பாக்கத்தில் ஆறுபடைவீடு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பல மாநிலத்துப் பிள்ளைகள் படிக்கிறார்கள். உள்ளூர்ப் பையனும் வடக்கத்தி நண்பனும் ஆங்கிலம் பாதி தமிழ் பாதியாகப் பேசினால் இப்படித்தான் போகும்:

“மச்சி, பங்க் வரைக்கும் போயிட்டு வந்துடறேன்.”

“எந்த கிளாஸ்டா?”

“கிளாஸ் இல்லடா. வண்டிக்குப் பெட்ரோல்.”

வடக்கே வகுப்புக்கு மட்டம் போடுவது பங்க். நாம் ‘கட் அடிப்போம்’. பிரிட்டனில் பள்ளிக்கு மட்டம் போடும் பிள்ளைகளும் பங்க் என்றே சொல்கிறார்கள். அமெரிக்க மாணவர்களோ கட் என்கிறார்கள். ஆக, இந்த ஒரு சொல்லில் டில்லி பிரிட்டனோடும் கிருமாம்பாக்கம் அமெரிக்காவோடும் சேர்ந்துகொள்கின்றன. இதில் எந்தக் கட்சி தவறு என்று தீர்ப்புச் சொல்ல யாருக்கு அதிகாரம்?

மருத்துவக் கல்லூரி என்றதும் இன்னொன்று. நம் நாட்டில் ‘பாஸ் அவுட்’ ஆனவர் என்றால் படிப்பை முடித்துப் பட்டத்தோடு வெளியே வந்தவர். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அவர் மயங்கி விழுந்தவர். பிரிட்டிஷ் ராணுவம் மட்டும் பயிற்சி முடித்தவர்களின் அணிவகுப்பை இன்றும் நம் பொருளிலேயே அழைக்கிறது. நாம் பொருளைத் திரித்துவிடவில்லை. பாசறையில் வழங்கிய பொருளைப் பத்திரமாக வைத்திருக்கிறோம். மயங்கியவரைத் தூக்கிக்கொண்டு ஓடும் இடம் நமக்குக் கேசுவாலிட்டி. பிரிட்டனில் முன்பு அதே பெயர். இப்போது அங்கே ஏ அண்ட் ஈ, அமெரிக்காவில் ஈ.ஆர். இங்கே படித்து அங்கே வேலைக்குப் போகும் மருத்துவர் இரண்டு வழக்கையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும், நோயாளியின் உயிர் சம்பந்தப்பட்டது. அதற்காகத் தன் ஊர் வழக்கைப் பற்றிக் கூச்சப்பட வேண்டியதில்லை.

பத்திரமாக வைத்திருப்பது என்றேன். சாலையோரப் பஞ்சர் கடைக்குப் போங்கள். “அண்ணே, ஸ்டெப்னியைக் கழட்டுங்க” என்பது அங்கே நாள் முழுக்கக் காதில் விழும் வாக்கியம். 1904 வாக்கில் கார்கள் உபரிச் சக்கரம் இல்லாமலே வந்தன. அப்போது வேல்ஸ் நாட்டின் லனெல்லி ஊரில், ஸ்டெப்னி தெருவில், டேவிஸ் சகோதரர்கள் ஆரம் இல்லாத ஒரு சக்கரத்தைச் செய்தார்கள். காற்றடைத்த டயரோடு இருக்கும் அதைப் பஞ்சரான சக்கரத்தின் மேலேயே கவ்வப் பூட்டிக்கொண்டு ஓட்டலாம். அந்தச் சரக்கு போய்விட்டது. பிரிட்டனில் பெயரும் பேச்சிலிருந்து போய்விட்டது. லனெல்லித் தெருவின் பெயரைக் கிருமாம்பாக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் கையில் கிரீஸோடு காப்பாற்றி வருகிறார். இதைத் தப்பு ஆங்கிலம் என்பவர்கள் அவருக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

ஹோட்டல் விஷயம் எல்லோருக்கும் தெரியும்: நமக்கு இட்லி, வெள்ளைக்காரருக்கு அறை. புதுச்சேரியில் அதற்கு மூன்றாவது படியும் உண்டு. கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுக்காரர் கட்டிய நகராட்சிக் கட்டடத்துக்கு அவர்கள் மொழியில் ‘ஒத்தேல் தெ வீல்’ என்று பெயர். ஊரார் அதை மேரி என்பார்கள். 2014இல் இடிந்து விழுந்த பிறகு மறுபடி அதே சாயலில் எழுப்பினார்கள்.

இந்த ஊர்களுக்கு ஆங்கிலம் வந்த பாதையே வேறு. பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் காலூன்றியது 1674இல். ஆங்கிலேயர் கடலூர் அருகே செயின்ட் டேவிட் கோட்டையை வாங்கியது 1690இல். கிருமாம்பாக்கம் இரண்டுக்கும் நடுவே, பிரெஞ்சுப் பக்கத்தில் நின்றது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு சேர்வதற்கு ஆதரவு. நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. அதுவரை இங்கே சர்க்கார் மொழி பிரெஞ்சு. முள்ளோடைக்கு அந்தப் பக்கத்தார் தலைமுறை தலைமுறையாக ஆங்கிலத்தில் மனு எழுதியபோது, இந்தப் பக்கத்தார் பிரெஞ்சு அலுவலகங்களுக்கு நடந்தார்கள். கொம்யூன் என்ற சொல் பஞ்சாயத்துப் பலகையில் இன்றும் இருக்கிறது. பிரெஞ்சுப் படைப் பென்ஷன்காரர் வீட்டை ‘சொல்தா வீடு’ என்று அடையாளம் சொல்வார்கள். அப்படிப்பட்ட ஊரில் தாத்தா வாயில் பிரெஞ்சு, பேரன் வாயில் ஆங்கிலம். பேரனின் ஆங்கிலத்தில் கடலூர், சென்னை, கல்லூரி விடுதி எல்லாம் கலந்திருப்பது இயல்பு.

உறவுமுறையில் நம் ஆங்கிலம் அசல் ஆங்கிலத்தை விட வளமானது என்று கூடச் சொல்வேன். மனைவியின் சகோதரி கணவரை நாம் சகலை என்போம்; ஆங்கிலத்தில் கோ-பிரதர் என்று ஒரு சொல்லை ஆக்கிக்கொண்டோம். அண்ணன் தம்பி மனைவியர் ஒருவருக்கொருவர் ஓரகத்தி, அதாவது கோ-சிஸ்டர். லண்டனில் இத்தனை பேரும் ‘இன்-லா’ என்ற ஒரே பாயில் உட்கார வேண்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கிராமத்துப் பிள்ளை ஆங்கிலத்தில் வாய் திறக்கவே அஞ்சுகிறது. அது பெட்ரோல் பங்க் என்று எழுதினால் சிவப்பு மையில் அடிக்காதீர்கள். பக்கத்தில் ‘தென்னிந்திய வழக்கு, லண்டனில் பெட்ரோல் ஸ்டேஷன், அமெரிக்காவில் கேஸ் ஸ்டேஷன்’ என்று குறித்து, மதிப்பெண்ணை முழுதாகப் போடுங்கள்.