கல்லைக் கண்டால்...

கேள்வி: கொல்லையில் பெயர்த்தெடுத்த கடப்பாக் கல் நாற்பது, உடைந்த செங்கல், காரை, மண் எல்லாம் குவிந்து கிடக்கின்றன. ராத்திரியில் சத்தமில்லாமல் தெருமுனையில் கொட்டிவிடலாமா?
– ஒரு வாசகர், மேற்கு மாம்பலம்

பதில்: சத்தமில்லாமலா? 2 அடிக்கு 2 அடி, 1 அங்குலக் கனம் என்றால் ஒரு கல்லே சுமார் 25 கிலோ. நாற்பதும் சேர்ந்தால் ஒரு டன்! அவ்வளவையும் ஓசைப்படாமல் தூக்கத் தெரிந்தவர், நியாயமாக வேறு தொழிலில் இருக்க வேண்டும்.

முழுக் கல்லை விட்டுவிடாதீர்கள். துவைக்கிற கல்லாகும், அலமாரித் தட்டாகும். 'இலவசம்' என்று வாசலில் ஓர் அட்டை மாட்டினால் மேஸ்திரிகள் மோப்பம் பிடித்து வருவார்கள். செங்கல் துண்டும் காரையும் 'ரப்பிஷ்' என்ற பெயரில் பள்ளம் நிரப்பக் காசுக்கே போகிற சரக்கு. பக்கத்தில் யார் வீடு கட்டுகிறார்கள் என்று பாருங்கள். மண்ணைச் சலித்துச் செடிக்கே போடுங்கள்.

மிச்சத்துக்கு மாநகராட்சியின் 1913 எண்ணைக் கூப்பிடுங்கள். இடிபாட்டை அரைத்து மணலும் ஜல்லியுமாக்கும் ஆலைகள் கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் இருக்கின்றன. வண்டிக்காரர் "நான் பாத்துக்கறேன் சார்" என்றால் மட்டும், எந்த ஏரியில் என்று கேட்டுவிடுங்கள். ஒரே நடையில் எல்லாவற்றையும் ஏற்றச் சொல்லிக் குட்டியானைக்காரரிடம் பேரம் பேசவும் வேண்டாம். அது யானை என்பது பெயரளவில்தான்.