மூக்கு மட்டும் ரோஸ்

ஒரு கோழி, ஒரு ஆட்டுக்குட்டிகூட வளர்க்காமல் பிராணிகளை வைத்தே குடும்பம் நடத்தியவன் நான். ஊர் கிருஷ்ணன்கோவில். இன்று பெயரைச் சொன்னதும் ‘கலசலிங்கம் யுனிவர்சிட்டியா?’ என்பார்கள். அன்று, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு முந்தின பஸ் ஸ்டாப் என்று விளக்கம் சொல்ல வேண்டும்.

1989 சட்டமன்றத் தேர்தல் எனக்குக் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டியது. எம்.ஜி.ஆர். மறைந்து, கட்சி இரண்டாகி, இரட்டை இலை முடங்கிக் கிடந்தது. ஜெயலலிதா அணிக்குச் சேவல், ஜானகி அணிக்கு இரட்டைப் புறா. இலையை எந்தத் தொண்டனும் வரைந்துவிடுவான். சேவலுக்கு ஆள் வேண்டும். நான் இரண்டு அணிக்கும் ஆள். கூலி சுவர்க் கணக்கு. சேவலென்றால் கொண்டைக்குச் சிவப்பு, வாலுக்குப் பச்சை, நீலம், மஞ்சள் என்று நாலு டப்பா திறக்கணும். புறாவுக்குச் சுண்ணாம்படித்த சுவரே உடம்பு. ஓரத்தில் ஒரு கோடு, உள்ளே ஒரு கண், வேலை முடிந்தது. கொள்கை எப்படியோ, லாபம் புறாவில்தான். ஜனங்கள் அப்படி நினைக்கவில்லை. சேவல் 27 இடத்தில் ஜெயித்தது. புறாவுக்குக் கிடைத்தது சொற்பம்தான், சேரன்மகாதேவியில் பி.எச்.பாண்டியன் ஜெயித்தார். கொஞ்ச நாளிலேயே அணிகள் இணைந்து இலை திரும்பி வந்தது. நான் வரைந்த சேவலை நானே வெள்ளையடித்து அழித்து அதற்கும் கூலி வாங்கினேன்.

பின்னால் தேர்தல் ஆணையம் புதிதாக விலங்குச் சின்னம் கொடுப்பதையே நிறுத்திவிட்டது. பிரசாரத்தில் உயிருள்ள ஜீவன்களைப் படுத்துகிறார்கள் என்று காரணம். சேவல்களுக்கு நல்லதுதான். என்னை யாரும் கேட்கவில்லை.

நடுவில் சிவகாசி லேபிள் வேலை. தீப்பெட்டிக்குப் புலி, மான், கிளி. அந்தத் துண்டு இடத்தில் புலியும் அடங்கணும், கம்பெனி பெயரும் அடங்கணும். விட்டுக்கொடுக்க வேண்டியது எப்போதும் வால்தான். படத்துக்கு ஒருமுறை காசு, பிறகு அது எத்தனை லட்சம் பெட்டியில் ஏறினாலும் நமக்கும் அதற்கும் பேச்சில்லை. அடியில் பெயர் போட்டுக்கொள்வதெல்லாம் கோவில்பட்டி கொண்டையராஜு மாதிரி காலண்டர் மகாராஜாக்களுக்கு.

அப்புறம் பிளக்ஸ் வந்தது. அதைப் பற்றி எல்லாரும் அழுதாகிவிட்டது.

இப்போது மகள் தயவில் இன்ஸ்டாகிராமில் கடை. வருகிற ஆர்டரில் முக்கால்வாசி ராஜபாளையம் நாய். 2005இல் தபால்தலையில் ஏறிய நாய் அல்லவா, மவுசு இருக்கத்தானே செய்யும். முழு வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு, பொன்னிறக் கண். வெள்ளைத் தாளில் வெள்ளை நாய் வரைவது லேசுப்பட்டதில்லை. புறா மாதிரி கோடு போட்டு ஏமாற்ற முடியாது. நாயைத் தொடாமல் பின்னாலிருக்கிற செடிப் பச்சையை இருட்டாக்கணும். வயிற்றடியில், நீலம் கலந்த சாம்பலைத் தண்ணியாகக் கரைத்து ஒரே இழுப்பு. முதுகில் தாளை அப்படியே விட்டுவிடணும். கடைசியில் மூக்கு: சிவப்போடு துளி மஞ்சள் சேர்க்காவிட்டால் கோபால் பல்பொடி கலர் வந்துவிடும்.

சுவரில் இருந்தது யார் வீட்டுச் சேவல் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. இந்த நாய்களுக்குப் பெங்களூரில் அம்மா அப்பா இருக்கிறார்கள். நின்ற வாக்கில் மேலிருந்து போட்டோ எடுத்து அனுப்புவார்கள். தலை பெரிசாக இருக்கும், காலே இருக்காது. தரையில் உட்கார்ந்து எடுத்து அனுப்பச் சொன்னால், பாதி அட்வான்ஸை ஜிபேயில் போட்டுவிட்டு உட்காருகிறார்கள். அந்தக் காலத்தில் அட்வான்ஸ் கேட்டிருந்தால் சுவர் பக்கமே விட்டிருக்க மாட்டார்கள்.

எங்கள் மலையடிவாரம் 1988இல் நரை அணிலுக்குச் சரணாலயம் ஆனது. 2021இல் புலிகள் காப்பகமும் ஆனது. உலகத்தில் அபூர்வமான அணிலாயிற்றே என்று ஆசையாக வரைந்து போட்டால் ஹார்ட் கொட்டுகிறது, ஒருத்தரும் வாங்குவதில்லை. அணிலுக்கு ஓனர் கிடையாது.

2025இல் எல்லாரும் கிப்லி கார்ட்டூன் ஆனார்களே, அப்போது மருமகன் முறை ஆகிற பையன் என் நாய்ப் படத்தைக் கம்ப்யூட்டரில் கொடுத்து மாற்றி எனக்கே அனுப்பினான். “நல்லாருக்கா மாமா?” நல்லாத்தான் இருந்தது. மூக்குதான் கறுப்பு.

போன மாதம் குட்டி விற்கிற ஒருவர் வந்தார். தாய் நாயை வரைந்து வாசலில் மாட்டணுமாம். போட்டோவில் காதோரம் ஒரு செம்பட்டைத் திட்டு.

“அண்ணாச்சி, அதை மட்டும் விட்ருங்க. சுத்த வெள்ளைன்னாத்தான் குட்டிக்கு ரேட்டு.”

“விடலாம். அதுக்குத் தனியா ஆகும்.”

“ஒண்ணும் வரையாம விடுறதுக்குமா காசு?”

ஐந்நூறு கேட்டேன். நூறில் முடிந்தது.