கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கோபுரம் தெரியலை!

கேள்வி: மாமல்லபுரம் போய், வெண்ணெய் உருண்டைப் பாறையைக் கையால் தாங்குவதுபோல் படம் எடுக்காமல் திரும்பிய தமிழர் உண்டா?
– வாசகர், செங்கல்பட்டு

பதில்: முதுகுப் பிடிப்புக்காரர்கள் சிலர் இருக்கலாம். பாறை 250 டன் இருக்கும் என்கிறார்கள். 1908-ல் கவர்னர் ஆர்தர் லாலி யானைகளைக் கட்டி இழுக்கவைத்தும் அசையவில்லை என்று ஒரு கதையும் உலவுகிறது. யானைக்கு மசியாததை வீட்டு மாப்பிள்ளை ஒற்றைக் கையால் தாங்குகிறார், மாமியார் பூரிக்கிறார். அதை ஏன் கெடுப்பானேன்? எடுங்கள்.

எடுத்த கையோடு நாலு எட்டு வைத்து அர்ஜுனன் தபசுக்கு வந்துவிடுங்கள். கிழக்குப் பார்த்த பாறை அது. காலை வெயில் சற்று ஏறிச் சாய்வாக விழும்போது உருவங்கள் எழுந்து நிற்கும். பெரிய யானையின் பக்கத்தில் ஒரு பூனை கையைத் தூக்கித் தவம் செய்கிறது, அதை நம்பிச் சில எலிகள் வேறு. இடத்தைச் சொல்லாமல், “பூனை எங்கே இருக்கு, கண்டுபிடி” என்று பிள்ளையை ஏவிவிடுங்கள். அது தேடும்போது பாறையை விட்டுவிட்டுப் பிள்ளையின் முகத்தை எடுங்கள். பாறையின் படம் கடையில் கிடைக்கும்.

கேள்வி: தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாதாமே? அதைப் படம் பிடிப்பது எப்படி?
– வாசகி, பட்டுக்கோட்டை

பதில்: விழாத நிழலைப் படம் பிடிக்க எந்த போனாலும் முடியாது. விழுகிற நிழலை எதிலும் பிடிக்கலாம். 216 அடி உயரக் கற்குவியல் நிழலை எங்கே கொண்டுபோய் ஒளித்துவைக்கும்? காலையில் மேற்கே விழுகிறது, மாலையில் கிழக்கே. உச்சிப் பொழுதில் மட்டும் அகன்ற அடிப்பகுதிக்குள்ளேயே பெரும்பாலும் அடங்கிவிடும். கதை அங்கிருந்து கிளம்பியிருக்க வேண்டும். மாலையில் நிழல் விழுந்த முற்றத்தில் உங்கள் வீட்டாரை உட்காரவைத்து ஒரு படம் எடுத்து, வாட்ஸ்அப்பில் அந்தச் செய்தியை அனுப்பிய பெரியப்பாவுக்கே திருப்பி அனுப்புங்கள்.

போன இடத்தில் கல்வெட்டுகளையும் பாருங்கள். ராஜராஜன் தான் கொடுத்ததை மட்டும் பொறித்துவைக்கவில்லை. அக்கா குந்தவை கொடுத்தது, மனைவியர் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் வெட்டச் சொன்னான். ஆயிரம் வருஷம் தாண்டியும் யார், என்ன என்று தெரிகிறது. நம் போனில் போன வருஷத்துப் படத்தில் ஓரமாக நிற்கும் அந்த நீலச் சட்டைக்காரர் யார் என்று நமக்கே தெரியவில்லை.

கேள்வி: பல வருஷச் சுற்றுலாப் படங்களில் நான் ஒன்றில்கூட இல்லை. எடுப்பவள் நான்தான் என்பதால். வழி சொல்லுங்கள்.
– கணவர் இந்தப் பக்கத்தைப் படிக்கமாட்டார் என்ற தைரியத்தில் ஒரு வாசகி, ஈரோடு

பதில்: போனைக் கடைக்குட்டியிடம் கொடுத்துவிடுங்கள். தலை பாதி போகும், தாராசுரத்துத் தூண் முழுசாக வரும், நடுவில் அப்பாவின் தொப்பை வரும். போகட்டும். அந்த உயரத்திலிருந்து அம்மா எப்படித் தெரிகிறாள் என்று வேறு யாரும் உங்களுக்குக் காட்டப்போவதில்லை.

இன்னொரு வழி: எதிரே வரும் குடும்பத்திலும் போனைப் பிடித்தபடி ஒரு அம்மா தனியாக நிற்பார், கவனியுங்கள். அவர் போனை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள், உங்கள் போன் அவரிடம் போகட்டும். இரண்டு வீட்டு ஆல்பத்திலும் ஒரே நாளில் ஆள் கூடும்.

கேள்வி: குற்றாலத்தில் அருவிக்குக் கீழே நின்று செல்ஃபி எடுக்கலாமா?
– வாசகர், மதுரை

பதில்: போன் உங்களுடையது. வழுக்குப் பாறை குற்றாலத்துடையது. இரண்டும் மோதினால் எது ஜெயிக்கும் என்று நினைக்கிறீர்கள்?

கேள்வி: செஞ்சிக் கோட்டைக்குப் போனோம். நாங்கள் ராஜகிரி ஏற, பாட்டி கீழேயே உட்கார்ந்துவிட்டார். மேலே எடுத்த எந்தப் படத்திலும் அவர் இல்லை என்பது குறையாக இருக்கிறது.
– வாசகி, திருவண்ணாமலை

பதில்: குறை உங்களுக்குத்தான். அவர் கல்யாண மகால் நிழலில் உட்கார்ந்து பக்கத்துக் குடும்பத்தின் ஜாதகத்தையே கேட்டு முடித்திருப்பார். சுமார் 800 அடி மலையில் மூச்சு வாங்கியது நீங்கள்.

அடுத்த முறை பாட்டியைப் படம் எடுப்பதோடு நிற்காதீர்கள், குரலையும் பதிவு செய்யுங்கள். அந்தப் பக்கத்துப் பாட்டிமாருக்கு தேசிங்கு ராஜன் கதை தெரியாமல் இருக்காது. 1714-ல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி, சின்ன வயதிலேயே மாண்டவன். பாட்டி சொல்லும் கதையில் அவன் குதிரைக்குச் சரித்திரப் புத்தகத்தில் இருப்பதைவிட இடம் அதிகம் இருக்கும். திருத்தாதீர்கள். செஞ்சி 2025-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டது, கோட்டையைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. பாட்டி சொல்லும் கதைக்கு நீங்கள்தான்.

கேள்வி: வேடந்தாங்கலில் எவ்வளவு ஜூம் செய்தாலும் நாரை வெறும் வெள்ளைப் புள்ளியாகவே விழுகிறது!
– வாசகர், தாம்பரம்

பதில்: நாரையும் ஊருக்குப் போய் உங்களைப் பற்றி இதையேதான் சொல்லும். ஜூமை விடுங்கள். நவம்பருக்குப் பிறகு ஒரு நாள், பறவைகள் கூடு திரும்பும் மாலை நேரத்தில், ஏரிக்கரையையும் மரங்களையும் அண்ணாந்து பார்க்கும் உங்கள் வீட்டுத் தலைகளையும் சேர்த்து எடுங்கள். கூடவே பிள்ளைகளுக்கு ஒரு விஷயம் சொல்லலாம்: எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். அதனால்தான் ஊரார் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருந்து பழகினார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது கலெக்டர் லயனல் பிளேசிடம் முறையிட்டுப் பாதுகாப்பு வாங்கியதும் அவர்கள்தான், 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில். அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் சம்மதித்தால் அவரை ஒரு படம் எடுங்கள். அவர் புள்ளியாக விழமாட்டார்.

கேள்வி: சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்தில் சமணத் துறவிகளின் பெயர்கள் கல்லில் இருக்கின்றனவே. என் மகன் தன் பெயரைக் கீறினால் மட்டும் குற்றமா?
– பெயர் வேண்டாம் என்றவர், புதுக்கோட்டை

பதில்: மகன் பெயரைப் பாறையில் போடலாம், உங்கள் பெயரைப் பத்திரிகையில் போடக்கூடாதா? அவர்கள் வெறுங்கல்லில் படுத்து, பட்டினி கிடந்து அந்த இடத்தைச் சம்பாதித்தவர்கள். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சிதைத்தால் 2 வருஷம் வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே என்கிறது சட்டம்.

கேள்வி: தனுஷ்கோடியில் இடிந்த தேவாலயத்தின் முன்னால் எல்லோரும் சிரித்தபடி நின்றோம். இப்போது படத்தைப் பார்த்தால் உறுத்துகிறது.
– வாசகி, பரமக்குடி

பதில்: உறுத்துவது நல்லதுதான், ஆனால் அழித்துவிடாதீர்கள். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் ஊரையும், பாம்பனிலிருந்து வந்த ரயிலையும் சேர்த்துக் கொண்டுபோனது. அந்த மணலில் இன்றைக்கும் மீன் பிடிக்கிறார்கள், சங்கு விற்கிறார்கள், சிரிக்கவும் செய்கிறார்கள். அடுத்த முறை படத்துக்கு நிற்பதற்கு முன்னால் அந்தச் சுவர் என்னவாக இருந்தது என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். பிறகு எந்த முகத்தோடு நிற்பது என்று அவர்களே முடிவு செய்யட்டும்.

கேள்வி: போனில் பல்லாயிரம் படங்கள். எதை வைப்பது, எதைத் தள்ளுவது?
– வாசகர், கோவை

பதில்: ஒரு பயணத்துக்குப் பத்துப் படம் போதும், அச்சிடுங்கள், பின்புறம் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். ஊரும் தேதியும் ஆட்களின் பெயரும் கட்டாயம் வேண்டும். கூடவே, “சித்தப்பா பாதி மலையில் வெயிலைத் திட்டிக்கொண்டே இறங்கிவிட்டார்” என்று ஒரு வரி. சித்தப்பா ஆட்சேபித்தால் அந்தப் படத்தை இரண்டு பிரதி போடுங்கள்.

கேள்வி: கொடைக்கானலில் குறிஞ்சி அடுத்து எப்போது? நல்ல கேமரா வாங்கிவைக்க வேண்டும்.
– வாசகர், திண்டுக்கல்

பதில்: 12 வருஷக் கணக்கு. 2006, 2018, அடுத்தது 2030. கேமராவுக்கு அவசரமில்லை. 2018-ல் தோளில் ஏறிப் பூப்பார்த்த பிள்ளை 2030-ல் உங்களோடு ஒரே காரில் வருமா என்பதை மட்டும் இப்போதே கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.