கூறியது கூறல்: ஒரு பொங்கோல் உரை

ஒன்றையே திருப்பிச் சொல்வதை நன்னூல் பத்துக் குற்றங்களில் ஒன்றாக வைத்தது. அதே நன்னூல் அடுக்குத்தொடருக்கு நான்கு வரை அனுமதியும் கொடுத்தது. இந்தச் சலுகையை நம்பி, முடிவில்லாத் தொடர்களை மூன்று சாதியாக வகுத்து உரைப்பாம்.

முதற்சாதி, சுற்றுவன. நானும் பேரனும் ஏறும் சிங்கப்பூர்ப் பொங்கோல் எல்ஆர்டி ரயிலின் கிழக்கு வட்டமே சான்று. பொங்கோல், கோவ், மெரிடியன், கோரல் எட்ஜ், ரிவியேரா, கடலூர், ஓயசிஸ், டாமாய், மறுபடி பொங்கோல். (கடலூர் நம்ம பெயர். அது வந்தால் மட்டும் நிமிர்ந்து உட்காருவேன்.) நாள் முழுக்கச் சுற்றினாலும், அடுத்தடுத்த மூன்று நிலையங்களாக வெட்டினால் எட்டே வகை. முப்பது முப்பதாக வெட்டினாலும் எட்டே. ஏதோ ஒரு நீளத்தில் துண்டு வகைகள் அந்த நீளத்தைத் தாண்டாவிட்டால், தொடர் ஓரிடத்திலிருந்து வட்டமடித்தே தீரும் என்பது மோர்ஸ், ஹெட்லண்ட் என்னும் கணிதர்கள் 1938இல் கண்ட விதி.

இரண்டாம் சாதி, வளர்வன. 'அ' இருக்குமிடத்தில் 'அஆ' போடு. 'ஆ' இருக்குமிடத்தில் 'அ' போடு. அ, அஆ, அஆஅ, அஆஅஅஆ, அஆஅஅஆஅஆஅ. நீளம் 1, 2, 3, 5, 8. பாசியின் வளர்ச்சிக்கு 1968இல் உயிரியலாளர் லிண்டன்மேயர் வைத்த விதி இது. தாம்பரம் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து, 1974இல் நம் வாசல் கோலத்துக்கே இப்படி இலக்கணம் எழுதினார்கள். இந்த 'அஆ' தொடரில் துண்டு வகை நீளத்தைவிட எப்போதும் ஒன்றே ஒன்று கூடுதல்; வட்டமடிக்காமல் தப்ப அதற்குக் கீழே குறைய முடியாது. கஞ்சத் தொடர். மூன்றடுக்கு வரும், நான்கடுக்கு வரவே வராது. நன்னூலாரைவிடக் கண்டிப்பு.

மூன்றாம் சாதி, கூறியது கூறாதன. இரண்டே எழுத்தை வைத்துக்கொண்டால் நாலாவது எழுத்துக்குள் அடுக்கு விழுந்துவிடும்; ஐயமுள்ளோர் கோப்பிக்கடை ரசீதின் பின்பக்கம் எழுதிப் பார்க்க. மூன்று எழுத்து இருந்தால் தப்பலாம் என்று நார்வே கணிதர் ஆக்செல் தூ 1906இல் காட்டினார். 'அ'வுக்கு 'அஆஇ', 'ஆ'வுக்கு 'அஇ', 'இ'க்கு 'ஆ'. எவ்வளவு தூரம் போனாலும் எந்தத் துண்டும் தன்னையே ஒட்டி இன்னொரு முறை வராது.

இதைப் பேரனுக்கு விளக்கி முடிப்பதற்குள் மூன்றாம் சுற்றும் முடிந்தது.

"எறங்கலாம்டா."

"தாத்தா, இன்னொண்ணு, இன்னொண்ணு, இன்னொண்ணு, இன்னொண்ணு!"

நான்கு, எல்லைக்குள்தான் என்று எண்ணிக்கொண்டே எழுந்தேன். ஐந்தாவதையும் சொன்னான். அதற்குச் சூத்திரம் தேடுவதற்குள் கதவு மூடிவிட்டது.