முப்பது நாள் தாமதம்

எடிசன், நியூ ஜெர்ஸி

பிள்ளையார்பாளையம் பெரியப்பா அவர்களுக்கு அநேக நமஸ்காரம். இவ்விடம் க்ஷேமம், அவ்விடத்து க்ஷேமத்துக்கு எழுதவும்.

என் உத்தியோகம் போய்விட்டது. முதல் வரியிலேயே எழுதினால் பெரியம்மா மேலே படிக்கவிடமாட்டாள் என்றுதான் இங்கே எழுதுகிறேன். நீக்கியவர்கள் துர்ஜனங்கள் அல்லர். வேலையிலிருந்து அனுப்பும்போது ஏதேனும் கொடுத்தனுப்பவேண்டுமென்று இந்நாட்டு மத்திய சர்க்கார் சட்டம் கட்டாயப்படுத்தாதிருந்தும், 'செவரன்ஸ்' என்னும் வழியனுப்புத் தொகையாகப் பன்னிரண்டு வாரச் சம்பளத்தைப் பத்தே நாளில் மொத்தமாகக் கொடுத்துவிட்டார்கள். அந்தத் தாராளமே எனக்கு வினையாயிற்று.

வேலையிழந்தவனுக்கு இங்கே சர்க்கார் வாரந்தோறும் உதவித்தொகை தருவதுண்டு. உச்சம் 26 வாரம். வரதர் சந்நிதியில் எந்தத் தனியனை ஓதுவதென்று, பெருமாள் ஒருவரேயானாலும், வடகலையாரும் தென்கலையாரும் கோர்ட்டுப் படியேறிய கதையைச் சொல்லிச் சிரிப்பீர்களே, ஹட்ஸன் நதியின் இருகரையிலும் அதே விவகாரந்தான். மேற்குக் கரையான நியூ ஜெர்ஸியில், உழைத்த வருஷங்களுக்காகக் கொடுத்த செவரன்ஸ் உதவித்தொகையைத் தீண்டாது. கிழக்கே நியூயார்க்கிலோ, அதை வாரவாரியாகக் கூறுபோட்டு, ஒரு வாரக் கூறு உதவித்தொகையின் உச்சவரம்பைத் தாண்டினால், அவ்வாரங்களுக்குச் சல்லிக்காசு கிடையாது. நான் மேற்குக் கரைவாசி என்று மார்தட்டி மனுப்போட்டேன். குடியிருக்கும் கரை கணக்கில்லை, வேலை பார்த்த கரையே கணக்கு, உம்முடையது கிழக்குக் கரை என்று டெலிபோனில் ஓர் அம்மாள் மதுரமாகச் சொன்னாள்.

அத்துடன் விட்டாளா? கடைசி வேலைநாளிலிருந்து 30 நாள் கடந்தபின் முதல் காசு கைக்கு வந்திருந்தால், தொகை எவ்வளவானாலும் பாதகமில்லை என்றும் சொல்லிவைத்தாள். கோர்வைப் புடவையை அறுத்துக் கொடுத்துவிட்டு, கூலிக்காக நீங்கள் மாதக்கணக்கில் திண்ணையில் காத்துக்கிடந்த அந்த முதலாளி மட்டும் எங்கள் கம்பெனியில் கணக்கெழுதியிருந்தால், நான் இன்று இரட்டை வரும்படிக்காரன்!

தறிக்குழியில் தண்ணீர் ஊறி, பாவு தோய வெயிலின்றி நீங்கள் சும்மா இருந்த மழைநாட்களுக்கு எந்தச் சர்க்கார் படியளந்தது என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது, நியாயமான கேள்விதான். எனக்கோ, அந்தப் பன்னிரண்டு வாரமும் கழிந்து, அதுவரை வேலையும் அகப்படாவிட்டால், மனு மறுபடி உயிர்பெறும்.

அதுவரையில் ஒரு விண்ணப்பம்: முதலாளி இனிமேல் 'அடுத்த மாசம் பார்க்கலாம்' என்றால், என் பொருட்டு அவரைத் திட்டாதீர்கள்.