பாலெது, சர்க்கரையெது?

கேள்வி: பெட் ஷாப் பாய்ஸ் என்னும் லண்டன் இரட்டையர் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பிரியாமல் பாடுகிறார்களே, நம்மிடம் அப்படி யாராவது உண்டா?
— கல்லூரி மாணவர், ராஜபாளையம்

பதில்: 1981இல் லண்டனில் ஒரு மின்கருவிக் கடையில் தற்செயலாகச் சந்தித்துப் பேசத் தொடங்கிய நீல் டென்னன்ட், கிறிஸ் லோ என்னும் இருவரும், 1986 ஜனவரியில் பிரிட்டனின் பாடல் வரிசையில் முதலிடத்தைப் பிடித்து, 2012 ஒலிம்பிக் நிறைவு விழா வரையில் வந்து, இன்றளவும் இணைபிரியாதிருப்பது மெச்சத்தக்கதே. ஆனால், தம்பி, அவ்விருவரும் பிறப்பதற்கு முன்னரே நமக்கு ஓர் இரட்டையர் வாய்த்துவிட்டார்கள். திரை இசையமைப்பாளர் சி.ஆர். சுப்பராமனின் வாத்தியக் குழுவில் இருந்த திருச்சி வயலின் வித்துவான் ராமமூர்த்தியும், பாலக்காட்டு எலப்புள்ளியில் பிறந்த விசுவநாதனும், 1952இல் சுப்பராமன் இளவயதிலேயே காலமானபோது, அவர் குறையாக விட்டுச்சென்ற படங்களை முடித்துக் கொடுக்கும் பொறுப்பை ஏற்றார்கள். அவ்வாண்டின் இறுதியில் கலைவாணரின் ‘பணம்’ வெளிவந்தபோது, திரையில் இரண்டு பெயர்கள் ஒரு சிறு கோட்டினால் இணைந்து நின்றன. ராமமூர்த்தி ஆறு வயது மூத்தவர். ஆயினும் முன்னால் நின்ற பெயர் இளையவருடையது. பதின்மூன்று ஆண்டுக் காலம் அந்த வரிசை மாறவேயில்லை. கல்யாணப் பத்திரிகையில் தம் பெயர் ஒரு வரி கீழே இறங்கிவிட்டதற்காகப் பந்தியிலிருந்து எழுந்துபோகிற சித்தப்பாக்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு, அதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

கேள்வி: ஒரு மெட்டில் விசுவநாதன் பங்கு எது, ராமமூர்த்தி பங்கு எது என்று பிரித்துச் சொல்லுங்களேன்.
— குடும்பத் தலைவி, ஸ்ரீவில்லிபுத்தூர்

பதில்: பால்கோவா ஊரிலிருந்து இந்தக் கேள்வியா, அம்மா! புளிய விறகு எரியும் அடுப்பில், கை ஓயாமல் கிண்டிக் கிண்டி, சட்டியின் ஓரத்தில் ஆடை திரண்டு, வாசனை தெருமுனை வரை எட்டுகிற பக்குவத்தில் இறக்கிவைத்த பிறகு, அதில் பாலெது சர்க்கரையெது என்று யாராவது கேட்டால் உங்கள் ஊர்க்காரர் என்ன சொல்லுவாரோ, அதுவே என் பதிலும். இருப்பினும் இவ்வளவு சொல்லலாம்: ஆர்மோனியத்தின் முன் அமர்ந்து விசுவநாதன் பாடிக்காட்டிய மெட்டு, மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளையின் பேரரான ராமமூர்த்தியின் வில்லைத் தொட்டு வந்தபோது அதற்கு ஒரு கனம் ஏறியது. ‘பாசமலர்’, ‘பாவ மன்னிப்பு’, ‘பாலும் பழமும்’ ஆகிய மூன்றும் 1961 என்ற ஒரே ஆண்டில் வந்தவை. 1963இல் ‘மெல்லிசை மன்னர்கள்’ என்ற பட்டத்தைச் சிவாஜி கணேசன் வழங்கினார். பட்டம் ஒன்று, மன்னர்கள் இருவர்.

கேள்வி: மேல்நாட்டு வாத்தியங்களைப் புகுத்தி நம் சங்கீதத்தைக் கெடுத்தவர்கள் இவர்கள்தாம் என்று என் தகப்பனார் சொல்லுவார். சரிதானா?
— ஓய்வுபெற்ற நூற்பாலைத் தொழிலாளர், ராஜபாளையம்

பதில்: தகப்பனாரிடம் எனக்குப் பெருமதிப்பு உண்டு, ஆனால் ஒருவர் கையில் வயலின், மற்றவர் கையில் ஆர்மோனியம், இரண்டுமே கப்பலேறி வந்தவை என்பதை அவர் மறந்துவிட்டார் போலும். வயலினோ, பாலுஸ்வாமி தீக்ஷிதர் காலத்திலிருந்தே நம் கச்சேரி மேடையில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டது. ஆதலால் வாத்தியம் எந்தத் தேசத்தது என்பதைவிட அது எந்தப் பாஷை பேசுகிறது என்பதே கேள்வி. 1964இல் பொங்கலுக்கு வந்த ‘கர்ணன்’ ஹிந்துஸ்தானி ராகங்களில் தோய்ந்தது. அடுத்த மாதமே வந்த ‘காதலிக்க நேரமில்லை’ மேல்நாட்டுத் தாளத்தில் துள்ளியது. அதே ஆண்டில் ‘புதிய பறவை’யும் வந்தது. அவற்றைக் கேட்கையில் பியானோவும் பாங்கோவும் எனக்கு அந்நியர்களாகத் தோன்றியதே இல்லை. கல்யாண வீட்டு மைக்செட்காரர், சுற்றி முடித்த கறுப்பு இசைத்தட்டின் முள்ளைச் சுட்டுவிரலால் மெல்லத் தூக்கி, மீண்டும் முதல் வட்டத்தில் வைக்கும்போது, ‘இதையே இன்னொரு தரம் போடப்பா’ என்று குரல் கொடுத்தவர்களில் உங்கள் தகப்பனாரும் ஒருவராக இருந்திருப்பார் என்றே நான் நம்புகிறேன்.

கேள்வி: பிறகு ஏன் பிரிந்தார்கள்?
— ஆசிரியை, ஸ்ரீவில்லிபுத்தூர்

பதில்: 1965இல் ‘ஆயிரத்தில் ஒருவன்’ வந்ததோடு பிரிந்தார்கள். காரணத்தைத் தோண்டுவதில் எனக்கு நாட்டமில்லை. ராஜபாளையத்து ஆலைக்காரரைக் கேட்டுப் பாருங்கள்: இரண்டு இழையைச் சேர்த்து முறுக்கிய நூலை அவிழ்த்தாலும், இழைகள் நெளிவு நெளிவாக அந்த முறுக்கைக் காட்டிக்கொண்டுதான் இருக்கும். ராமமூர்த்தி ‘சாது மிரண்டால்’, ‘நான்’ முதலிய படங்களுக்குத் தனியே இசையமைத்தார். விசுவநாதன் மேலும் பல ஆண்டுகள் ஓயாமல் உழைத்தார். 1995இல் ‘எங்கிருந்தோ வந்தான்’ படத்தில் இருவரும் மீண்டும் சேர்ந்தார்கள். 2012 ஆகஸ்டில் தமிழக முதல்வரிடம் இருவரும் ஒரே மேடையில் ‘திரையிசைச் சக்கரவர்த்தி’ பட்டம் பெற்றபோது ராமமூர்த்திக்கு வயது தொண்ணூறு. மறு ஆண்டு ஏப்ரலில் அவர் போனார். 2015 ஜூலையில் விசுவநாதனும் போனார். இருவரில் ஒருவருக்கும் ஒரு பத்ம விருதை டெல்லி கொடுக்கவில்லை என்பதை நினைக்கும்தோறும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

கேள்வி: நான் எதிலிருந்து கேட்கத் தொடங்கட்டும்?
— மறுபடியும் அதே மாணவர், ராஜபாளையம்

பதில்: ‘புதிய பறவை’. ராஜபாளையத்தில் இரவு வண்டி ஏறி, மேற்கே மலை இருளாகத் தெரிகிற ஜன்னலோரமாக உட்கார்ந்துகொள்ளுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் வருவதற்குள் நாலு பாட்டாவது முடிந்திருக்கும்.